ரயில் வராத தண்டவாளத்தை ஊர் நடக்கும் பாதையாக்க: மும்பைக்கான முழு வழிகாட்டி

வடாலா, அன்டாப் ஹில் பக்கம் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பழைய சரக்கு சைடிங், அதாவது மெயின் லைனிலிருந்து பிரியும் கிளைத் தண்டவாளம், கிடக்கிறது. நீளம் ஒன்றரை கிலோமீட்டர். கடைசி வேகன் எப்போது வந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வருடம் சொல்வார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே முளைத்த பூவரசு இப்போது என் தொடைப் பருமன் இருக்கிறது. அதை நடைபாதையாக்க வேண்டும் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் இரண்டு வருடமாக அலைகிறோம். ரிப்பன் இன்னும் வெட்டவில்லை. ஆனால் எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும், எந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று நன்றாகவே தெரிந்துவிட்டது. சயான் கோலிவாடா, செம்பூர், சீத்தா கேம்ப் பக்கம் இருக்கிற நம் தமிழ் ஆட்கள் சிலரும் இதே யோசனையோடு கேட்டுக்கொண்டிருப்பதால் மொத்தத்தையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ரயில் பாதைக்கு இரண்டு பெரிய வசதிகள் உண்டு. ஒன்று, ஏற்றம் மிகக் குறைவு. சமவெளியில் 100 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறுவது அபூர்வம். முட்டி வலிக்காரர்களும் சக்கர நாற்காலியும் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் குழந்தையும் ஒரே பாதையில் போகலாம். இன்னொன்று, அது அறுபடாத நீளம். இந்த நகரத்தில் சதுரமாக ஒரு துண்டு நிலம் கிடைப்பதே பெரிய பாடு என்றால், நீளமாக ஒன்று கிடைப்பது லாட்டரி.

அந்த லாட்டரியை மும்பை ஏற்கெனவே தவறவிட்டிருக்கிறது. டிராம்பேயிலிருந்து குர்லா வழியாக அந்தேரிக்கு 13 கிலோமீட்டர் ரயில் பாதை ஒன்று இருந்தது. 1928-ல் திறந்தார்கள், 1934-ல் மூடினார்கள். இன்று அந்த வழியைத் தேடினால் ரோடும் விமான நிலையமும் கட்டடமும்தான் இருக்கும். ரயில் நின்ற பிறகு ஒரு பாதை முழுசாகக் கிடப்பது கொஞ்ச காலம்தான். அப்புறம் ஆளாளுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்வார்கள்.

பாதை உண்மையிலேயே செத்துவிட்டதா?

தண்டவாளத்தின் தலையைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு வண்டி ஓடினாலும் மேற்பரப்பு பளபளவென்று இருக்கும். தலை முழுக்கத் துரு ஏறியிருந்தால் வண்டி ஓடவில்லை என்று அர்த்தம். எங்களுடன் நடக்க வரும் ஓய்வுபெற்ற பி.டபிள்யூ.ஐ. (தண்டவாளப் பராமரிப்பு ஆய்வாளர்) சார் ஒருவர் சொல்லிக் கொடுத்த பாடம் இது. மாட்டுங்கா ஒர்க்‌ஷாப், பரேல், குர்லா என்று ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அப்படி ஒருவரைப் பிடித்து முதல் நடைக்கே கூட்டிப் போங்கள். லெவல் கிராசிங்கில் தண்டவாளத்தின் மேல் தார் போட்டுவிட்டார்களா, இணைப்புத் தகடுகள் இருக்கின்றனவா, மெயின் லைனோடு சேரும் இடத்தில் வண்டியைத் தடம் மாற்றும் பாயின்ட் இன்னும் இருக்கிறதா என்று அவர் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் துரு என்பது சாட்சி மட்டுமே, தீர்ப்பு இல்லை. வண்டி ஓடாத பாதையும் ஆவணத்தில் உயிரோடு இருக்கலாம். அனுமதியில்லாமல் ரயில்வே இடத்தில் நுழைந்தால் 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 147-ம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் முதலில் பொதுச் சந்துகளிலும் குறுக்கே போகும் ரோடுகளிலும் நின்று பாருங்கள். உள்ளே கூட்டமாகப் போக வேண்டுமானால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஓடும் லைன் இருந்தால் இன்னும் கவனம். அந்த இடத்தில் திடமான தடுப்புச் சுவர் வராமல் நடைபாதை பற்றிப் பேசவே கூடாது.

இன்னொன்று. துண்டு இரும்பைக்கூடத் தொடாதீர்கள். "சுத்தம் செய்கிறோம்" என்று இளைஞர்கள் நாலு இணைப்புத் தகட்டை எடைக்குப் போட்டால், 1966-ம் வருடச் சட்டப்படி ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்த வழக்கு வரும். ஒரே நாளில் உங்கள் இயக்கம் திருட்டுக் கும்பல் ஆகிவிடும்.

நிலம் யாருடையது?

எங்களுக்கு அதிக நேரம் வீணானது இங்கேதான். "ரயில் பாதை என்றால் ரயில்வே நிலம்" என்று நினைத்து மனு போட்டோம். எங்களுடையது இல்லை என்று ஓர் அலுவலகம் சொன்னது. அடுத்த அலுவலகமும் அதையே சொன்னது. இரண்டு மாதம் போச்சு. கடைசியில் பார்த்தால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மூன்று சொந்தக்காரர்கள்.

மும்பையில் இது சகஜம். கிழக்குக் கரை நெடுகத் துறைமுகத்தின் சொந்த ரயில் பாதை 1915 முதல் ஓடியது. அந்தப் பக்க நிலம் பெரும்பாலும் துறைமுகத்துடையது. 2021-ம் வருடச் சட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் மும்பை துறைமுக ஆணையம். மெயின் லைனோடு சேரும் பகுதி மத்திய ரயில்வேயின் கீழ் வரலாம். ஆலைக்குள் போகும் சைடிங்கில் தண்டவாளம் கம்பெனியுடையது, நிலம் வேறொருவருடையது என்றும் இருக்கும். நடுவில் நாலா, அதாவது பெரிய சாக்கடை வாய்க்கால், குறுக்கிட்டால் அந்தத் துண்டுக்கு பிஎம்சி, அதாவது மும்பை மாநகராட்சி.

எனவே மனுவுக்கு முன்னால், நிலம் யார் பெயரில் என்று காட்டும் பிராப்பர்ட்டி கார்டு எடுங்கள். அதற்கு நில அளவை எண் வேண்டும்: கொலாபா முதல் சயான் வரையிலான தீவு நகரத்தில் சி.எஸ். எண், குர்லா, செம்பூர் மாதிரியான புறநகரில் சி.டி.எஸ். எண். நகர நில அளவை அலுவலகத்தில் கிடைக்கும். அதோடு பிஎம்சியிடம் அந்த எண்ணுக்கு டி.பி. ரிமார்க் (வளர்ச்சித் திட்டக் குறிப்பு) வாங்குங்கள். 2034 வளர்ச்சித் திட்டத்தில் அந்த இடம் எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அது சொல்லும். உங்கள் கனவின் மேல் ஏற்கெனவே ஒரு ரோடு கோடு போட்டிருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அதற்கப்புறம் தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ரயில்வேயும் துறைமுகமும் மத்திய அரசின் கீழ், பிஎம்சி மாநிலத்தின் கீழ், ஆகவே மனுக்கள் தனித்தனி. "இந்தப் பாதையை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. தகவல் அலுவலர் ஆவணம்தான் தருவார், கருத்து தர மாட்டார். பாதையை மூடிய உத்தரவின் நகல், நில வரைபடத்தின் நகல், அந்த நீளத்தில் யார் யாருக்குக் குத்தகையும் உரிமமும் தந்திருக்கிறார்கள் என்ற பட்டியல், விடப்பட்ட டெண்டர்களின் நகல். இந்த நாலும் போதும். பிராப்பர்ட்டி கார்டையும் மனுவோடு இணையுங்கள். "எங்களுடையது இல்லை" என்று தள்ளிவிட முடியாது.

அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டு ஜல்லி, சிமென்ட் பக்கம் போகாதீர்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான்.

கைவிடப்பட்ட பாதை என்று காகிதத்தில் எழுதியிருப்பார்கள். மும்பையில் கைவிடப்பட்ட இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எங்கள் சைடிங்கில் முதல் நாள் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றபோது, பாயில் மிளகாய் காயப்போட்டிருந்த ஒரு பெரியம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கம். "என்னய்யா அளக்கீங்க?" என்றார். பழைய ரயில் ரோட்டைப் பூங்கா மாதிரி ஆக்கப்போகிறோம் என்று சொன்னேன். "இது ரயில் ரோடு இல்லய்யா, எங்க வாசல்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தோம்.

அப்புறம் கணக்கெடுத்தோம். காலை 5 மணிக்கு, 8 மணிக்கு, மத்தியானம், பள்ளி விடும் நேரம், இரவு 9 மணிக்கு என்று ஐந்து நேரம், வேலை நாளில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும். யார் வருகிறார்கள், எதற்கு, எவ்வளவு நேரம். இட்லி வியாபாரத்துக்குப் போகிறவர்களின் குறுக்கு வழி, பள்ளிப் பிள்ளைகளின் குறுக்கு வழி, ஆடு மேயும் இடம், கிரிக்கெட், வடாம் காயும் இடம், பழைய பேப்பர் பிரிக்கும் இடம். அவசரத்துக்கு ஒதுங்கும் இடமும் அதுவே. தண்டவாளத்தை ஒட்டிக் கீரை போடுகிறவர்கள் பற்றியும் ஒரு எச்சரிக்கை: பார்த்தால் ஆக்கிரமிப்பு மாதிரி இருக்கும், ஆனால் அதிக உணவு விளைவிக்கும் திட்டத்தில் ரயில்வே தன் ஊழியர்களுக்கு முறையாக உரிமம் கொடுத்த நிலமாக இருக்கலாம்.

வீடுகள் ஒட்டி இருந்தால் கணக்கு வேறு மாதிரி. அந்த வீட்டுக்காரர்களே தங்களை எண்ணிக்கொள்ள வேண்டும். இந்த முறையை இந்த நகரத்துக்குக் கற்றுத் தந்தவர்களில் முக்கியமானவர் நம் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, தச்சு வேலை பார்த்து, மான்கூர்த் ஜனதா காலனியில் மக்களைத் திரட்டியவர். அந்தக் காலனியை 1976-ல் இடித்து எல்லோரையும் சீத்தா கேம்புக்கு மாற்றினார்கள். பின்னாளில் அவரும் அவருடைய குடிசைவாசிகள் கூட்டமைப்பும் பிடித்துக்கொண்ட ஆயுதம் கணக்கெடுப்பு. வீட்டுக்கு எண், குடும்பத்துக்குப் பெயர், குடிசைக்கு அளவு, எல்லாம் குடியிருப்பவர்கள் கையாலேயே. ரயில் பாதை ஓரத்து மக்களும் அப்படி எண்ணிக்கொண்டதால்தான் இடமாற்றப் பேச்சுவார்த்தையில் அதிகாரியின் பட்டியலுக்கு எதிரே வைக்க அவர்களிடம் சொந்தமாக ஒரு பட்டியல் இருந்தது. அவருக்கு 2000-ல் மகசேசே விருது கிடைத்தது.

இதையெல்லாம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். தான்சா குடிநீர்க் குழாயின் இரு பக்கமும் 10 மீட்டர் காலி செய்யும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழாயின் பாதுகாப்புக்கு என்பது காரணம். அந்தக் குடும்பங்களில் பலரை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்திலுள்ள மாகுலுக்கு அனுப்பினார்கள். காற்று மோசம், மூச்சு விட முடியவில்லை என்று அவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். காலியான அந்தக் குழாயோரத்துக்கு பிஎம்சி போட்ட திட்டம் முலுண்டிலிருந்து சயான் வரை 39 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. நம் திட்டத்தைப் பற்றிச் சொன்னதும் பாதையோரத்துக்காரர் முகம் ஏன் இருண்டது என்று இப்போது புரியும்.

தூண்களின் மேல் போன பழைய சரக்கு ரயில் பாதையைப் பூங்காவாக்கி உலகமே கொண்டாடும் நியூயார்க் ஹை லைனிலும் இதே கதைதான். கடைசி ரயில் 1980-ல். அக்கம்பக்கத்தார் 1999-ல் சங்கம் ஆரம்பித்தார்கள், 2009-ல் பாதை திறந்தது. சுற்றிலும் வாடகையும் மனை விலையும் எகிறின. பக்கத்திலேயே இருந்த அரசுக் குடியிருப்பு மக்களுக்கு அது தங்கள் இடமாகத் தோன்றவில்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே பிற்பாடு அந்த மக்களிடம் முதலில் கேட்கத் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

நாங்கள் எடுத்துக்கொண்ட முடிவு இது: ஒரு வீடாவது இடிந்தால்தான் பாதை வரும் என்றால் பாதையை அங்கே ஒடுக்குவோம், சுற்றுவோம், அல்லது அந்தத் துண்டை விட்டுவிடுவோம். மிளகாய் காயப் போடவும் பேப்பர் பிரிக்கவும் வரைபடத்திலேயே இடம் குறித்தோம். கட்டட வரைவாளர் ஒருவர் "இதெல்லாம் பார்க்க நல்லா இருக்காதே" என்றார். அவரை மாற்றிவிட்டோம்.

கூட்டம் போடுவது பற்றி இரண்டு வார்த்தை. தமிழில் மட்டும் பேசாதீர்கள். பாதைக்கு அந்தப் பக்கம் மராத்தி, இந்தி, உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்தின் வேலை என்று ஒரு தடவை முத்திரை விழுந்தால் அவ்வளவுதான். கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் பாதையின் மேலேயே, ஞாயிறு மாலை, கட்டிங் சாயோடு வையுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் தேவை. கழிப்பறை, இருட்டு, குடிகாரர்கள் என்ற மூன்று விஷயமும் ஆண்கள் இருக்கும்போது வெளியே வரவில்லை. அக்காமார்கள் மட்டும் உட்கார்ந்த அன்றைக்குப் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது.

அனுமதி

ஒரு குடியிருப்புச் சங்கத்துக்கு ரயில்வேயோ துறைமுகமோ நேரடியாக நிலம் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நடக்கக்கூடிய வழி, நிலக்காரரிடமிருந்து பிஎம்சி உரிமமாகவோ குத்தகையாகவோ எடுத்து, பராமரிப்புக்கு உங்களோடு ஒப்பந்தம் போடுவது. ஆகவே முதல் கூட்டாளி உங்கள் வார்டு அலுவலகம். சயான், வடாலா, அன்டாப் ஹில் என்றால் எஃப் வடக்கு, சிவ்ரி என்றால் எஃப் தெற்கு, குர்லா எல், சீத்தா கேம்ப் எம் கிழக்கு. வார்டின் கடிதம் கையில் இருந்தால்தான் ரயில்வே கோட்ட மேலாளர் அலுவலகத்திலோ துறைமுகத்தின் எஸ்டேட் பிரிவிலோ உட்காரச் சொல்வார்கள். காலி ரயில்வே நிலத்தை வணிகத்துக்கு விடவே தனி ஆணையம் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். உங்கள் துண்டு அதன் பட்டியலில் இருந்தால் போட்டி பணத்தோடு.

நிலக்காரரின் பெரிய பயம், "ஒரு தடவை ஜனங்களை விட்டால் திரும்ப வாங்க முடியாது" என்பது. அமெரிக்காவில் 1983-ல் இதற்கு ஒரு சட்ட வழி செய்தார்கள்: பாதையை நடக்கக் கொடுக்கலாம், ரயில் மறுபடி வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதுவரை வழி துண்டாகாமல் இருக்கும். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அந்த யோசனையை ஒப்பந்தத்தில் எழுதலாம். "இடைக்காலப் பயன்பாடு, நிரந்தரக் கட்டடம் கிடையாது, தேவைப்பட்டால் முன்னறிவிப்போடு திருப்பித் தருவோம்" என்று எங்கள் கடிதத்தில் சேர்த்த பிறகுதான் எதிர்ப்பக்கத்தில் பேச்சு இளகியது.

சிங்கப்பூரையும் காட்டுங்கள். மலேசிய ரயில்வே வைத்திருந்த பாதை 2011 ஜூலை 1-ல் சிங்கப்பூரிடம் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய வருடமே அங்குள்ள இயற்கைச் சங்கம் அதை அறுபடாத பசுமை வழியாக வைத்திருக்கச் சொல்லித் திட்டம் கொடுத்துவிட்டது. இன்று அது 24 கிலோமீட்டர். நிலம் கைமாறிய பிறகு யோசிக்கத் தொடங்கியிருந்தால் மனைகளாகப் போயிருக்கும்.

சிவ்ரி, வடாலா, டிராம்பே கடலோரம் என்றால் அலையாத்தி (மாங்குரோவ்) மரங்கள் இருக்கின்றனவா பாருங்கள். 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னபடி அலையாத்தியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. கடலோர ஒழுங்குமுறை அனுமதியும் தேவைப்படும். அந்தப் பகுதியில் மண்ணைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். மரம் வெட்ட 1975-ம் வருட மாநிலச் சட்டப்படி மர ஆணையத்தின் அனுமதி வேண்டும். எங்கள் பூவரசை நாங்கள் வெட்டப் போவதில்லை. பாதை அதைச் சுற்றிப் போகும்.

மண் பரிசோதனை

சரக்குப் பாதையில் என்னென்ன கொட்டியதோ யாருக்குத் தெரியும். டீசல், மசகு எண்ணெய், நிலக்கரி, ரசாயன மூட்டை, களைக்கொல்லி. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயம், கன உலோகங்கள், பெட்ரோலியக் கழிவு மூன்றுக்கும் சோதனை செய்யுங்கள். லோடிங் நடந்த இடம், என்ஜின் நின்ற இடம், பாயின்ட் இருந்த இடம் ஆகியவற்றில் கட்டாயம். மோசமான இடத்தில் மண் கலக்காமல் தடுக்கும் ஜியோ துணி விரித்து மேலே அரை மீட்டராவது நல்ல மண் போட்டு மூடலாம். குழந்தைகள் விளையாடும் இடத்தை அங்கே வைக்கக் கூடாது.

பழைய மர ஸ்லீப்பர் கட்டைகளைப் பார்த்தால் எல்லோருக்கும் பெஞ்ச் செய்ய ஆசை வரும். செய்யாதீர்கள். கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறிய கட்டை அது. வெயிலில் கசியும், தோலில் பட்டால் எரியும், புற்றுநோய் அபாயமும் உண்டு. குளிருக்கு எரிக்கவும் கூடாது.

தண்ணீர், அப்புறம் தரை

2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. இந்த ஊரில் பாதை போடுவது என்றால் முதலில் தண்ணீருக்குப் பாதை போடுவது.

ரயில் மேடு பல இடங்களில் வரப்பு மாதிரி வேலை செய்கிறது. ஒரு பக்கத்துத் தண்ணீரை மறுபக்கம் விடாமல் பிடித்து வைத்திருக்கும். அடியில் தண்ணீர் கடந்து போகும் சின்னச் சின்ன கல்வெர்ட்டுகள் இருக்கும், பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் மண்ணும் அடைத்துக் கண்ணுக்கே தெரியாது. எல்லாவற்றையும் தேடிக் குறித்து, எண் போட்டு, தூர்வாரிய பிறகே மேல் வேலை. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேட்டை வெட்டிச் சமமாக்கினால், அடுத்த ஜூலையில் யார் வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துத் தண்ணீர் தேங்கும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து வைத்தோம். எந்த சர்வேயும் அவ்வளவு சொல்லவில்லை.

தரைக்கு வருவோம். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர் என்றாலும், ஒற்றைப் பாதைக்கே மேட்டின் மேல் சுமார் 6 மீட்டர் அகலம் இருக்கும். நடக்கிறவர்களும் சைக்கிளும் சேர்ந்து போக 3 மீட்டர் பாதை, இரு பக்கமும் ஒரு மீட்டர் புல், மீதி வடிகால். தண்டவாளத்தை எடுப்பது நிலக்காரரின் வேலை, ஏலத்தில் விற்பார். மீட்டருக்கு 52 கிலோ தண்டவாளம் என்றால் ஒரு கிலோமீட்டரில் இரண்டு பக்கமும் சேர்த்து 104 டன் இரும்பு. அந்தப் பணம் உங்களுக்கு வராது, ஆனால் அதை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஜல்லியையும் அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜல்லி அங்கேயே இருக்க வேண்டும் என்று டெண்டரில் எழுத வைப்பது பெரிய மிச்சம்.

ரயில் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும், அதன் மேல் நடந்தால் கணுக்கால் போய்விடும். ஆனால் அடித்தளமாக அதைவிட நல்ல சரக்கு கிடையாது. பரப்பி, உருளை விட்டு, சின்ன ஜல்லியால் இடுக்கு நிரப்பி, ஜியோ துணி விரித்து, மேலே 15 சென்டிமீட்டர் கலப்பு ஜல்லி, அதன்மேல் 5 சென்டிமீட்டர் கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது விழும் தூள்) போட்டு இறுக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 450 கன மீட்டர் ஜல்லி, 150 கன மீட்டர் தூள். பாதை குறுக்கே 2 சதவீதம் சாய வேண்டும், அதாவது 3 மீட்டரில் 6 சென்டிமீட்டர். அதைக் குறைத்தால் குட்டை, கூட்டினால் சக்கர நாற்காலி ஒரு பக்கம் இழுக்கும்.

பேவர் பிளாக் என்ற சிமென்ட் தரைக்கல் போடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். மும்பைக்காரர்களுக்கு பேவர் பிளாக் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி குறுக்கிடும் இடங்களில் மட்டும் கான்கிரீட் போடுங்கள், மற்ற இடத்தில் தூள் போதும். கழுவிப் போனால் அடுத்த வருடம் நாலு கூடை கொட்டிச் சரிசெய்யலாம்.

பழைய பாலம் நடக்கிறவர்கள் பாரத்தைப் பற்றிக் கவலைப்படாது. துருவும் காரை பெயர்ந்த கல்லும்தான் பிரச்சினை. அதை ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கைப்பிடி சைக்கிள்காரருக்கும் சேர்த்து 1.4 மீட்டர் உயரம்.

ஏறும் இடம், கழிப்பறை, பைக்

மேடு ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 12-க்கு 1 சாய்வில் 18 மீட்டர் சாய்தளம் வேண்டும், 9 மீட்டருக்கு ஒரு சமதளம். இடமில்லை என்று படிக்கட்டு மட்டும் வைத்தால் பாதையின் முதல் வசதியே போச்சு. 100, 150 மீட்டருக்கு ஒரு வழி திறந்திருக்கட்டும். இரு பக்கமும் நீளச் சுவர் வைத்த இடத்தில் எந்தப் பெண்ணும் ஏழு மணிக்கு மேல் நடக்க மாட்டாள். வீட்டு ஜன்னல்கள் பாதையைப் பார்க்கட்டும், அதுதான் காவல். மத்தியானம் கேட்டைப் பூட்டும் பழக்கம் இங்கே வேண்டாம். குறுக்கு வழியாக நடக்கிறவர்களுக்கு நேரம் காலம் கிடையாது.

ஒதுக்குப்புறமாக இருந்த இடத்தைப் பாதையாக்கினால், ஒதுங்கப் போனவர்கள் எங்கே போவார்கள்? கழிப்பறை முதலில், பாதை அப்புறம். வரிசை மாறினால் உங்கள் பாதை முதல் வாரமே நாறும். இதில் நாசூக்குப் பார்க்க வேண்டாம்.

பைக்கைத் தடுப்பது பற்றி ஒரு உண்மை. சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். கம்பத்தால் மட்டும் எந்த ஊரிலும் நின்றதில்லை. வாசலில் டீ, வடாபாவ், இளநீர் வண்டிகளுக்கு முறையாக இடம் கொடுங்கள். 2014-ம் வருடத் தெருவியாபாரிகள் சட்டம் இருக்கிறது. வண்டிக்காரர் நிற்கும் வாசலில் பைக் நுழைவது குறைகிறது, அவர் திட்டுவார்.

பணம்

பிஎம்சியின் ஒருங்கிணைந்த விலைப்பட்டியலை வைத்து மதிப்பீடு போடுங்கள். உங்கள் மைத்துனர் சொன்ன விலையில் போட்டால் முதல் மேஜையிலேயே திரும்பும். எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி. கேட்கப் போகும்போது நிலக்காரரின் சம்மதக் கடிதம் கையில் இருக்க வேண்டும். கம்பெனிகளின் 2 சதவீதச் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. அதில் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்ற சண்டை வரும். முன்கூட்டியே அளவு எழுதிவிடுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் 200 மீட்டர் மட்டும் செய்யுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் துண்டாகத் தேர்ந்தெடுங்கள்.

பராமரிப்பு

திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து முதல் மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மே கடைசி வாரத்துக்குள் ஒவ்வொரு கல்வெர்ட்டும் திறந்திருக்க வேண்டும். எண் போட்டது அதற்குத்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பெருமழையும் கடல் ஏற்றமும் சேரும் நாட்களில் யார் போய்ப் பார்ப்பது என்று பெயரோடு பட்டியல் வேண்டும். அக்டோபரில் தூள் நிரப்பு, களை எடுப்பு. டிசம்பரில் விளக்கு, கைப்பிடி, சாய்தளம்.

எங்களுக்கு இன்னும் பாதை இல்லை, ஆனால் கல்வெர்ட் நோட்டு தொடங்கிவிட்டோம். மொத்தம் ஒன்பது கல்வெர்ட், இதுவரை ஆறு கண்டுபிடித்திருக்கிறோம். நோட்டு அந்த மிளகாய்ப் பெரியம்மா வீட்டில் இருக்கிறது. மழை பெய்தால் அவர்தான் குடையோடு முதலில் போகிறார், எது அடைத்திருக்கிறது என்று பேரனை விட்டு எழுத வைக்கிறார். போன வாரம் ஏழாவதும் தன் வீட்டுப் பின்பக்கம்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.